செயலி, உலாவி, சமூக ஊடகம்: அன்றாடப் பயன்பாட்டில் பாதுகாப்பு நெறிகள்

அஞ்சல்காரர் வீட்டு வாயிலுக்கு வந்து, பெயர் சொல்லி அழைத்து, பணவிடைத் தொகையை எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுச் செல்வதே முதியோர் பலருக்கு அரசின் உதவி வந்தடையும் வழியாக ஒரு காலத்தில் இருந்தது. கொடுப்பவரின் முகம் பெறுபவருக்குத் தெரியும்; பெறுபவரின் முகம் கொடுப்பவருக்குத் தெரியும். அந்த அறிமுகமே பணத்திற்குக் காவலாக நின்றது.

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. 2013 ஜனவரி முதல் நாள் தொடங்கிய நேரடிப் பயன் மாற்றத் திட்டம், உதவித் தொகைகளைப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே சேர்க்கும் முறைக்கு வழிவகுத்தது. 2014 ஆகஸ்டு 28இல் தொடங்கப்பெற்ற ஜன்தன் திட்டம், அதுவரை வங்கி வாயிலையே மிதித்திராத கோடிக்கணக்கான மக்களுக்குக் கணக்கு தொடங்கித் தந்தது. 2016இல் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. முறை அக்கணக்கைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டு மாதத்தில் யு.பி.ஐ. பரிமாற்றங்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டியது. காய்கறிக் கடையிலிருந்து கல்லூரிக் கட்டணம் வரை இவ்வழியே செல்கிறது.

இவ்வளர்ச்சி பெருமைக்குரியது. ஆயினும், முகம் தெரிந்தவரின் இடத்தில் முகம் தெரியாத குரலும், குறுஞ்செய்தியும், திரையில் தோன்றும் ஒரு சின்னமும் வந்து அமர்ந்துவிட்டன. மூன்று மாத ஓய்வூதியமோ, மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்போ சில நிமிடங்களில் மறைந்துவிடக்கூடும். ஒருமுறை இழந்தவர் மறுமுறை கைபேசியைத் தொடவே அஞ்சுகிறார். அவருடைய அண்டை வீட்டாரும் அஞ்சுகின்றனர். ஆகவே இணையப் பாதுகாப்பு தனிமனிதரின் கவலை மட்டுமன்று. வளர்ச்சித் திட்டங்களின் பயன் நிலைப்பதும் அதைச் சார்ந்ததே.

பூட்டு உடைவதில்லை, சாவி கைமாறுகிறது

இணைய மோசடி என்றவுடன், எங்கோ அமர்ந்துள்ள வல்லுநர் ஒருவர் வங்கியின் கணினியை உடைத்துப் புகுவதாகவே பலரும் எண்ணுகின்றனர். அத்தகைய தாக்குதல்களும் நிகழ்வதுண்டு. ஆனால் சாதாரண மக்களின் பணம் பறிபோகும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. உரியவரே தம் கையால் கதவைத் திறந்துவிடும்படி செய்யப்படுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘மின் கட்டணம் செலுத்தப்படாததால் இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இவ்வெண்ணில் தொடர்பு கொள்க’ என்னும் செய்தி 2022ஆம் ஆண்டில் நாட்டின் பல மாநிலங்களிலும் கைபேசிகளுக்கு வந்தது. தொடர்பு கொண்டவரிடம் இனிய குரல் ஒன்று ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லும். அது திரையை மற்றவருக்குக் காட்டும் செயலி. பின்னர், சோதனைக்காகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்தச் சொல்லும். செலுத்துபவர் அழுத்தும் எண்கள் யாவும் மறுமுனையில் தெரியும். அதன் பிறகு கணக்கில் எஞ்சியிருப்பது மோசடிக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் உள்ளன: அதிகாரத்தின் பெயர், அச்சம் அல்லது ஆசை, அவசரம். ஓய்வூதியரிடம் ‘வாழ்நாள் சான்று புதுப்பிக்கப்படவில்லை’ என்பதும், மாணவரிடம் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்பதும், அலுவலரிடம் ‘உம் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் உள்ளது’ என்பதும் இவற்றின் வேற்றுருவங்களே. காவல்துறைச் சீருடையில் காணொலி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்துள்ளதாகக் கூறிப் பல மணி நேரம் ஒருவரை அறைக்குள் இருத்திப் பணம் பறிக்கும் முறையும் இவ்வகையினதே. நம் நாட்டுச் சட்டத்தில் காணொலி வழிக் கைது என்று ஒன்று இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் தம் வானொலி உரையில் பிரதமர் இதனைத் தெளிவுபடுத்தி, நிற்க, சிந்திக்க, பின்னர் செயல்படுக என மூன்று படிகளை எடுத்துரைத்தார்.

அவசரத்தை நீக்கிவிட்டால் மோசடியின் வலு பெரும்பாலும் குன்றிவிடும். பின்வரும் நெறிகள் யாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

செயலிகள்

செயலி என்பது வீட்டிற்குள் அனுமதிக்கப்படும் பணியாளைப் போன்றது. யார் அனுப்பியவர், எந்த அறைவரை செல்ல இசைவு தருகிறோம் என்னும் இரு வினாக்களையும் கேட்டே அனுமதிக்க வேண்டும்.

முதலாவது, செயலியைக் கைபேசியின் அதிகாரபூர்வ விற்பனையகத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குதல் நன்று. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப் வழியாக வரும் ‘ஏ.பி.கே.’ கோப்பைத் திறப்பது, அறியாதவரிடம் வீட்டுச் சாவியைத் தருவதற்கு ஒப்பாகும். அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், அதைக் காண எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. அறிந்தவரின் எண்ணிலிருந்து வந்தாலும் இதுவே விதி. அவருடைய கைபேசி முன்னரே பிறர் வசமாகியிருக்கக்கூடும். அதிகாரபூர்வ விற்பனையகத்திலும் போலிகள் நுழைவதுண்டு. ஆதலால் வெளியிட்டவரின் பெயரைப் பார்த்தபின் நிறுவுவதே முறை.

இரண்டாவது, செயலி கேட்கும் அனுமதிகள். 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6ஆம் பதிப்பு முதல், ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி போன்றவற்றுக்குத் தனித்தனியே இசைவு தரவும் மறுக்கவும் பயனாளருக்கு வசதி உண்டு. விளக்காக மட்டும் பயன்படும் ஒரு செயலி தொடர்பு எண்களைக் கேட்பின், அது தன் வேலைக்கு மிஞ்சியதைக் கேட்கிறது. குறுஞ்செய்தியைப் படிக்கும் இசைவு மிகவும் கவனிக்கத்தக்கது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண், அதாவது ஓ.டி.பி., குறுஞ்செய்தியாகவே பெரும்பாலும் வருகிறது. அதைப் படிக்கும் உரிமை பெற்ற போலிச் செயலி, உரியவர் அறியாமலே அவ்வெண்ணை வேறிடத்திற்கு அனுப்பிவிடும்.

உடனடிக் கடன் தருவதாகக் கூறும் செயலிகள் இதற்குத் தக்க பாடம். கடன் பெற்றவரின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துவைத்து, தவணை தவறியபோது உறவினர்க்கெல்லாம் இழிவான செய்தி அனுப்பித் துன்புறுத்திய நிகழ்ச்சிகள் பல மாநிலங்களில் நேர்ந்தன. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கடன் செயலிகள் கைபேசியிலுள்ள கோப்புகள், தொடர்பு எண்கள், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றை அணுகலாகாது என விதித்தன. 2025 ஜூலை முதல், நெறிப்படுத்தப்பட்ட நிறுவனங்களின் கடன் செயலிகள் அடங்கிய பட்டியலும் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இடம்பெற்றது. ஆகவே தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி, அக்கேள்வியாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்து விடுகிறது.

மூன்றாவது, புதுப்பித்தல். இயங்குதளத்திலும் செயலிகளிலும் காணப்படும் ஓட்டைகளை அடைத்து அவ்வப்போது புதிய பதிப்புகள் வெளியிடப்படுகின்றன. ஓட்டை இன்னதென்று வெளியான பின்னரும் பழைய பதிப்பையே பயன்படுத்துவோர் மிகுந்த இடருக்கு உள்ளாகின்றனர்.

யு.பி.ஐ. குறித்து ஒரே ஒரு விதியை அனைவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இரகசிய எண் பணம் கொடுப்பதற்கும், கணக்கிருப்பு அறிவதற்குமே தேவைப்படும்; பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ‘பரிசுத் தொகையைப் பெற இரகசிய எண்ணை அழுத்துக’ என்பவர் கொடுக்க வந்தவர் அல்லர், எடுக்க வந்தவர்.

உலாவி

உலாவியின் மேற்புறத்தில் தோன்றும் பூட்டுச் சின்னத்தைக் கண்டால் அத்தளம் நம்பத்தக்கது எனப் பல ஆண்டுகளாகப் போதிக்கப்பட்டு வந்தது. இது பாதி உண்மையே. பயனாளரின் கருவிக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தி மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதே அச்சின்னத்தின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றன்று; மோசடித் தளமும் பூட்டைப் பெறலாம். இத்தவறான கருத்து பரவியிருந்தமையாலேயே, 2023இல் கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியில் பூட்டுச் சின்னத்தை விடுத்து வேறு சின்னத்தை அமைத்தது.

எனவே சின்னத்தைவிட முகவரியைப் படிக்கப் பழகுவதே சிறந்தது. முகவரியின் தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை பார்க்க வேண்டும். அப்பகுதியின் இறுதியில் அமைவதே தளத்தின் உண்மையான உரிமையைக் காட்டும். அதற்கு இடப்புறத்தில் எந்த வங்கியின் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என முடியும். வங்கிகளுக்கெனத் தனியே ‘பேங்க் டாட் இன்’ என்னும் முகவரி முடிவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 31க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் எனப் பணித்தது. ‘பேங்க் டாட் இன்’ என்பதற்குப் பின் ஒரு சிறு கோடும், ‘அப்டேட் டாட் காம்’ என்னும் சொற்களும் தொடர்ந்தால் அது வங்கியின் முகவரியன்று.

குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பை அழுத்தி வங்கித் தளத்திற்குச் செல்லாமல், முகவரியைத் தாமே தட்டச்சு செய்தோ, முன்னரே குறித்துவைத்த பக்கக்குறியின் வழியோ செல்வது பாதுகாப்பானது. தேடுபொறியில் வாடிக்கையாளர் உதவி எண்ணைத் தேடி, முதலில் தோன்றும் எண்ணை அழைப்பதும் இடர் நிறைந்தது. வங்கி அட்டையின் பின்புறத்திலோ, கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணே சரியானது.

இணைய மையத்திலோ, கல்லூரிக் கணினிக் கூடத்திலோ பொதுக் கணினியைப் பயன்படுத்துவோர், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என உலாவி கேட்கும்போது மறுக்க வேண்டும். பணி முடிந்தவுடன் கணக்கிலிருந்து முறையாக வெளியேற வேண்டும். தனிச் சாளரம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. அது அக்கணினியில் வரலாற்றைத் தங்கவிடாது என்பதே உண்மை. சென்று பார்த்த தளத்திடமிருந்தோ, இணைய இணைப்பு வழங்குவோரிடமிருந்தோ அது எவரையும் மறைப்பதில்லை. உலாவியோடு இணைத்துக்கொள்ளும் நீட்டிப்புகளும் செயலிகளைப் போன்றவையே. காணும் பக்கங்கள் அனைத்தையும் படிக்கும் உரிமையை அவற்றுள் பல கேட்கின்றன. தேவையற்றவற்றை நீக்கிவிடுதல் நலம்.

கடவுச்சொல்லின் கணக்கு

நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வகைகளே உண்டு. ஆறு இலக்கத்திற்கு 10 இலட்சம். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினால் அமையும் கடவுச்சொல்லுக்கு ஏறத்தாழ 20,880 கோடி வகைகள் உண்டு. இது பெரிய எண்ணாகத் தோன்றினும் விரைவுக் கணினிக்கு எளிய வேலையே. அதையே பன்னிரண்டு எழுத்தாக நீட்டினால் வகைகளின் எண்ணிக்கை மேலும் 4,56,976 மடங்கு பெருகும். ஆகவே குறுகிய கடவுச்சொல்லில் ஒரு குறியீட்டைச் செருகுவதைவிட, தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமைப்பது வலிமை தரும். நினைவில் வைப்பதும் எளிது. பிறந்த ஆண்டு, பிள்ளையின் பெயர், வாகன எண் ஆகியவை கூடா.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது மற்றொரு பெருங்குறை. எங்கோ ஒரு சிறு வணிகத் தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லை மோசடிக்காரர்கள் மின்னஞ்சலிலும் பிற கணக்குகளிலும் இட்டுப் பார்க்கின்றனர். மின்னஞ்சல் பிறர் வசமாயின், அதன் வழியாக ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிட முடியும். எனவே மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்லும், அதனுடன் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பும் இன்றியமையாதவை.

சமூக ஊடகங்கள்

சமூக ஊடகத்தில் வெளியிடப்படும் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே பார்த்தால் தீங்கற்றதே. பிறந்தநாள், பணிபுரியும் அலுவலகம், பிள்ளை பயிலும் பள்ளி, குடும்பத்துடன் வெளியூர் செல்லும் நாள் ஆகியவற்றை ஒருவர் சேர்த்துப் பார்த்தாலோ, நெருங்கியவர் போல் பேசுவதற்குப் போதிய செய்தி கிடைத்துவிடும். பதிவுகளை யார் காணலாம் என்பதை நண்பர் அளவில் நிறுத்திக்கொள்ளும் வசதி பல ஊடகங்களில் உண்டு. அறியாதவர் படங்களை எடுக்காதவாறு சுயவிவரத்தைப் பூட்டிவைக்கும் வசதியை ஃபேஸ்புக் 2020இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது.

வாட்ஸ்அப்பில் இரண்டு பழக்கங்கள் போதும். ஒன்று, இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை அமைத்துக்கொள்ளுதல். மற்றது, ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ என்னும் பட்டியலை அவ்வப்போது பார்த்து, அறியாத கருவியை நீக்குதல். நண்பர் ஒருவர் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி அனுப்பினால், அவரை வழக்கமான தொலைபேசி எண்ணில் அழைத்துப் பேசிய பின்பே அனுப்ப வேண்டும். குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் போலியாக ஆக்க இயலும் இக்காலத்தில், குடும்பத்தினர் மட்டும் அறிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்வதும் தக்கதே.

மாணவர்கள் தனிக் கவனம் செலுத்தவேண்டிய ஒன்று உண்டு. ‘உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள்கள் பயன்படுத்தத் தந்தால் கழிவுத்தொகை தரப்படும்’ என்னும் அழைப்பு சமூக ஊடகங்களில் உலவுகிறது. மோசடிப் பணம் இத்தகைய இரவல் கணக்குகள் வழியாகவே கைமாறுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்காகக் கணக்கையோ, சிம் அட்டையையோ கொடுத்த மாணவர், பறிகொடுத்தவரின் முறையீட்டில் முதல் பெயராக இடம்பெறுகிறார். வேலை தேடும் காலத்தில் இது வாழ்வையே குலைக்கக்கூடிய பிழை.

அலுவலகங்களில்

அலுவலரின் கவனக்குறைவு அவரோடு முடிவதில்லை. அவரை நம்பித் தம் விவரங்களைத் தந்த அனைவரையும் அது பாதிக்கிறது. பயனாளிகளின் பெயர், ஆதார் எண், கணக்கு எண் ஆகியவை அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதற்குத் தடை விதிக்கிறது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் பெரும்பாலான அடையாளத் தேவைகளுக்குப் போதுமானது. கைரேகை கொண்டு பணம் எடுக்கும் முறையில் மோசடி நேராதிருக்க, கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. பொதுமக்களுக்கு இதை எடுத்துரைப்பது அலுவலரின் கடமை.

மேசைக் கணினியில் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டுதல், ஒருவரின் உள்நுழைவில் மற்றவர் பணி செய்தல், கிடைத்த பென் டிரைவைச் செருகிப் பார்த்தல் ஆகிய பழக்கங்கள் கைவிடத்தக்கவை. இணையப் பாதுகாப்பு நிகழ்வு ஏற்படின், அதை அறிந்த 6 மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28ஆம் நாளைய ஆணை கூறுகிறது. பெயருக்கு இழுக்கு என்று கருதி மறைப்பது தீங்கைப் பெருக்கும்.

இழப்பு நேர்ந்தால்

பறிபோன பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறிச் செல்கிறது. அது வெளியே எடுக்கப்படும் முன் தடுத்து நிறுத்துவதற்கே 1930 என்னும் தேசிய உதவி எண் அமைந்துள்ளது. இழந்தவர் முதலில் செய்யவேண்டியது இவ்வெண்ணை அழைத்தல். உடன் தம் வங்கிக்குத் தெரிவித்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் செய்தல். பின்னர் 2019இல் தொடங்கப்பெற்ற தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் எழுத்து மூலம் பதிவு செய்தல். பரிமாற்ற எண், நேரம், வந்த செய்திகளின் படம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கைபேசி தொலைந்திருப்பின், 2023இல் தொடங்கப்பெற்ற ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியே அதை முடக்கலாம். தம் பெயரில் பிறர் பெற்றுள்ள இணைப்புகளையும் அங்கே அறியலாம்.

விரைவின் மதிப்பை ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளைய சுற்றறிக்கையும் உணர்த்துகிறது. வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை எனவும், தம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைப் பகிர்ந்து நேர்ந்த இழப்பாயினும், தெரிவித்த நேரத்திற்குப் பின் நிகழும் இழப்பு வங்கியையே சாரும் எனவும் அது வகுத்தது. ஆகவே வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பைக் கூட்டுகிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற 66சி, 66டி பிரிவுகள், பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துதலுக்கும், கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. தனிமறைவு அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது.

எனினும் சட்டம் பெரும்பாலும் இழப்புக்குப் பின்னரே வருகிறது; பழக்கம் அதற்கு முன்னரே நிற்கிறது. பாடம் கற்ற மாணவர் தம் வீட்டு முதியோருக்கு ஓர் இரகசிய எண்ணின் பயனை விளக்கிச் சொல்வதும், அலுவலர் தம் முன் நிற்கும் ஓய்வூதியரிடம் 1930 என்னும் எண்ணைக் கணக்குப் புத்தகத்தின் அட்டையில் எழுதித் தருவதும் சிறு செயல்களே. அஞ்சல்காரரின் அறிமுக முகம் அன்று அளித்த காவலை, இன்று அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லித் தரும் இச்சிறு செயல்களே அளிக்க வேண்டும்.